காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? அணு உலைக்குப் பக்கத்தில் வாழ்ந்து கற்றவை

போன மாதம் என் தங்கை மகள் போன் செய்தாள். அவள் கணவருக்குக் கூடங்குளத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ராதாபுரம் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். “பெரியம்மா, கைக்குழந்தையோட அங்க போய் இருக்கலாமா? நீங்க இத்தனை வருஷமா கல்பாக்கத்துப் பக்கத்துலயே இருக்கீங்களே, உங்களைத்தான் கேக்கணும்னு தோணுச்சு” என்றாள். போ என்றும் சொல்ல வாய் வரவில்லை, போகாதே என்றும் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவளுக்காக எழுத ஆரம்பித்ததை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன். இந்தியாவில் இன்று அணுமின் உற்பத்தித் திறன் 9 கிகாவாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. 2047-க்குள் 100 கிகாவாட் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2025 பட்ஜெட்டில் சிறிய உலைகளுக்காக 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்த வருடக் கடைசியில் தனியாரும் உலை நடத்தலாம் என்று சட்டமும் வந்துவிட்டது. இதில் பாதி நடந்தால்கூட, இன்னும் பல ஊர்களில் என் தங்கை மகள் கேட்ட கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஊர் கல்பாக்கம் உலைகளுக்குத் தெற்கே, கடலோரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் கணவர் பல வருடம் உலைக்குள் காண்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தார். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு போவார், அதில் பதிவாகும் கதிர்வீச்சுக்கு ‘டோஸ்’ என்று பெயர். “இந்த மாசம் டோஸ் எவ்வளவு?” என்று கேட்பது எங்கள் வீட்டில் சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்பது போலத்தான். அதனால் உலை மேல் எனக்கு பேய்ப் பயம் ஒருநாளும் இருந்ததில்லை. அதே சமயம், ஏதாவது ஆனால் என்ன செய்வது என்றும் நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது 2004 டிசம்பரில் தெரிந்தது.

26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிவாக்கில் சுனாமி அலை வந்தது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் எட்டவில்லை. குப்பத்தில் போனவர்களில் என் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். உலை ஊழியர்கள் குடும்பத்தோடு இருந்த நகரியத்திலும் உயிர்கள் போயின. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, என்னால் முடியாது.

எழுத வேண்டியது மறுநாள் நடந்ததை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் சைக்கிளில் கத்திக்கொண்டே போனான். “பிளாண்ட் உடைஞ்சிடுச்சாம், காத்துல விஷம் வருதாம்!” அவ்வளவுதான். ஏற்கெனவே நடுங்கிப்போயிருந்த ஊர், பத்தே நிமிடத்தில் தெருவில் நின்றது. மணல் லாரி ஒன்று வந்தது. என் மாமியாரை இரண்டு பேராகத் தூக்கி அதில் ஏற்றினோம். அத்தைக்கு அப்போது 68 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் ஃபிரிட்ஜில் இருந்தது, எடுக்கவில்லை. காலில் செருப்பு இல்லை, அதையும் யாரும் பார்க்கவில்லை. லாரியின் இரும்புத் தரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தைக்குக் காலில் உணர்ச்சி குறைவு என்பதால் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் இருந்தோம். மூன்றாம் நாள்தான் வலது காலில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருப்பதைப் பார்த்தேன். சர்க்கரை எகிறியிருந்தது. செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு மாதம் கழித்துப் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த மூன்று நாளில் உலையிலிருந்து எதுவும் கசியவில்லை.

உண்மையில் உள்ளே நடந்தது இதுதான். கடல்நீர் இறைக்கும் பம்ப் அறைக்குள் அலை புகுந்தது. முதல் உலை பழுதுபார்ப்புக்காக முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்தினார்கள். மின்சாரம் போகவில்லை, டீசல் ஜெனரேட்டர்கள் இருந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை, அதனால் உலையைக் குளிர்விக்கும் வேலை நிற்கவே இல்லை. பக்கத்தில் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்த ஈனுலைக்கு (ஓடும்போதே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் உலை) தோண்டிய பள்ளம் மட்டும் குளமாக நிறைந்தது. இதையெல்லாம் நான் பிறகு படித்தும் கேட்டும்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு இதை எங்கள் தெருவில் வந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அத்தையின் விரல் இருந்திருக்கும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அன்று எல்லோரும் அவரவர் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஓர் உலைக்கு அருகில் இருந்தவர்களுக்கு, ‘தகவல் யாரிடமிருந்து வரும், எப்படி வரும்’ என்பதே தெரியாமல் இருந்தது என்பதை மறக்க முடியவில்லை.

ஆறு வருடம் கழித்து, 2011 மார்ச் 11. டிவியில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை. நான் பள்ளியில் இருந்து வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் சரியாகவே நின்றன. அப்புறம் எப்படி வெடித்தது என்று சில நாள் கழித்துப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் விறகடுப்பைச் சொல்லி விளக்கினேன். விறகை வெளியே இழுத்துவிட்டாலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும் அல்லவா? அணு உலையும் அப்படித்தான். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. அதை நிறுத்திய கணத்திலும் அதில் 6, 7 சதவீதம் வெப்பம் வந்துகொண்டே இருக்கும், அதாவது சுமார் 200 மெகாவாட். ஒரு நாள் கழித்துகூட அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்தக் கங்கின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் ஆறு மீட்டருக்கும் குறைவான அலையைக் கணக்கில் வைத்துக் கட்டியிருந்தார்கள், வந்தது பதினான்கு பதினைந்து மீட்டர். ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் அடித்தளத்தில் இருந்தன, மூழ்கின. பம்புகள் நின்றன. மூன்று உலைகள் உருகின.

எங்கள் ஊரில் மேட்டிலிருந்த ஜெனரேட்டர், அங்கே அடித்தளத்திலிருந்த ஜெனரேட்டர். இந்த ஒரு வித்தியாசத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். அதனால்தான், எந்த உலையைப் பற்றியும் யாராவது “பாதுகாப்பானதா?” என்று கேட்டால், அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்கிறேன். “கரண்ட் சுத்தமாகப் போனால், ஆள் கை வைக்காமல் எத்தனை மணி நேரம் தாங்கும்? தண்ணீர் எங்கிருந்து வரும்?” என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல முடியும். கூடங்குளத்து உலைகளில் மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றிலேயே வெப்பத்தை ஆற்றும் ஏற்பாடு இருக்கிறது, உருகினால் கீழே பிடித்துக்கொள்ளும் தொட்டியும் இருக்கிறது. பழைய உலைகளில் இவை கிடையாது. தங்கை மகளிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

ஆனால் ஃபுகுஷிமாவில் என்னை உலுக்கியது வேறு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். மருத்துவமனையில் படுத்த படுக்கையாக இருந்த முதியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்கில் அலைக்கழித்ததில் பல பேர் வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் இறந்துபோனார்கள். அந்த மாகாணத்தில் அலையும் நிலநடுக்கமும் நேரடியாகக் கொன்றவர்கள் சுமார் 1,600 பேர். அதன் பிறகு இடம்பெயர்வு, சிகிச்சை கிடைக்காதது, மனம் உடைந்தது என்று மெல்ல மெல்ல இறந்ததாகப் பதிவானவர்கள் 2,300-க்கும் மேல். கதிர்வீச்சால் இறந்தார் என்று ஜப்பான் அரசு முதலில் ஏற்றுக்கொண்டது ஓர் ஊழியரைத்தான், அதுவும் 2018-ல். அந்தப் பட்டியலைப் படித்தபோது லாரியில் உட்கார்ந்திருந்த அத்தையின் முகம்தான் கண்முன் வந்தது. எப்படிப் போவது, எப்போது போவது, யார் போகாமல் இருப்பது என்று முன்பே பேசி வைக்காத ஊரில், ஓட்டமே ஆளைக் கொன்றுவிடும்.

அதற்காக எல்லாம் வெறும் பயம்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1986-ல் சோவியத் நாட்டில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. பக்கத்து நகரமான பிரிப்யாத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றரை நாள் எதுவும் சொல்லவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டே இருந்தார்கள். காற்றில் வந்த கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பாலில் இறங்கி, பிள்ளைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. அந்த அயோடினின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், எட்டே நாள். சில வாரம் அந்தப் பாலைத் தவிர்த்திருந்தாலே பெரும்பகுதி தவிர்ந்திருக்கும். இங்கேயும் வர வேண்டிய ஒரு வார்த்தை வரவில்லை.

2011-க்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்த உலை விபத்து ஒத்திகையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். உலையிலிருந்து 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டத்துக்குள் வரும். உலைக்கு வெளியே நடக்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு மாவட்டக் கலெக்டருடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த ஒத்திகை நடக்க வேண்டும். ஜீப்பில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குள் போங்கள், கதவைச் சாத்துங்கள், பிறகு பஸ் வரும், தெற்கே உள்ள பள்ளிக்குப் போகலாம் என்றார்கள். அப்போது திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கிக் கேட்டார்: “தம்பி, இப்ப வாடை அடிக்குது. உலை வடக்க இருக்குது. காத்து போற பக்கமே எங்களையும் போகச் சொல்றீங்களே?”

ஜீப்பில் இருந்தவருக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் நல்லவர், அதைக் குறித்துக்கொண்டார். சாயங்காலக் கூட்டத்தில் அந்தப் பெரியவரையே முன்னால் உட்கார வைத்தோம். வாடை எந்த மாதம், கொண்டல் எந்த மாதம், பகலில் கடல்காற்று எத்தனை மணிக்குத் திரும்பும், ராத்திரி தரைக்காற்று எப்போது எடுக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். அடுத்த ஒத்திகைக்கு மேற்கே இரண்டு இடங்களும் சேர்ந்தன. முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்குத் தோன்றாத கேள்வி அது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்தன. இதைத்தான் தங்கை மகளுக்கு விரிவாக எழுதினேன்.

சைரன் கேட்டால் முதல் வேலை ஓடுவது இல்லை, உள்ளே போவது. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள வீடு என்றால் நடு அறை. ஓட்டு வீடு, கூரை வீடு என்றால் பக்கத்தில் எந்தக் கான்கிரீட் மெத்தை வீட்டுக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். நெருக்கடி நேரத்தில் பழைய சண்டை ஞாபகம் வந்து தயங்கி நிற்கக் கூடாது. ஜன்னல் சாத்தி, ஃபேன் ஏசி நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத் துணி வைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவர் வாசலிலேயே மேல்துணியைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுக் குளிக்க வேண்டும். ஒட்டிய தூசியில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். கிணற்றுக்கு மூடி, தொட்டிக்கு மூடி. என்னிடம் இரண்டு ஆடுகள் உண்டு. அவற்றைக் கொட்டகைக்குள் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்த தீவனத்தைத்தான் போட வேண்டும், மேயவிட்ட ஆட்டின் பாலைச் சொல்லும்வரை தொடக்கூடாது. கீரையும் அப்படியே.

அயோடின் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது கதிர்வீச்சுக்கு மருந்து இல்லை. தைராய்டு சுரப்பியை நல்ல அயோடினால் முன்கூட்டியே நிரப்பி வைத்தால், கெட்ட அயோடினுக்கு அங்கே இடமிருக்காது. அதன் வேலை அவ்வளவுதான், மற்ற எதையும் அது தடுக்காது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கும் முதலில் தர வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கான அளவு, பெரியவர்கள் அளவில் எட்டில் ஒரு பங்குதான். சொல்லும்போதுதான் போட வேண்டும், பயந்துபோய்ச் சும்மா போடக்கூடாது. 2011-ல் சீனாவில் ஜனங்கள் கடைக்கடையாக அயோடின் உப்பை வாங்கிக் குவித்தார்கள். உப்பில் உள்ள அயோடின் இதற்கு எந்த விதத்திலும் போதாது. உங்கள் பகுதிக்கு மாத்திரை எங்கே இருப்பு இருக்கிறது, யார் கையில் சாவி இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாதாரண நாளில் கேட்டு வையுங்கள். நான் கேட்டபோது பதில் வர மூன்று வாரம் ஆனது, விடாமல் போய்க் கேட்டேன்.

வாசல் ஆணியில் ஒரு துணிப்பை மாட்டியிருக்கிறோம். அத்தையின் மருந்துச் சீட்டு, இரண்டு வார மாத்திரை, பேட்டரி ரேடியோ, செருப்பு. இன்சுலினை வைத்து எடுத்துப் போக ஒரு சிறிய மண்குடுவை. அத்தை 2016-ல் தான் தவறினார், தன் கட்டிலில், நல்ல சாவு. பை இன்னும் அங்கேயே இருக்கிறது, இப்போது என் பிரஷர் மாத்திரையோடு.

எதிர்காலம் பற்றிக் கேட்டால் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிலக்கரி சுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது, எண்ணூரில் சாம்பலை மூச்சில் இழுத்துக்கொண்டு வாழும் உறவுக்காரர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று உலைகளை மூடியது. ஃபின்லாந்து அதே காலத்தில் எரிந்து முடிந்த எரிபொருளைப் புதைக்கப் பாறைக்குள் நானூறு மீட்டருக்கும் கீழே சுரங்கம் தோண்டி முடித்துக்கொண்டிருந்தது. நம் நாடு கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டது. அப்படியென்றால், கட்டடத்துக்குச் செலவழிக்கும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையாவது உண்மையை உடனே சொல்லும் பழக்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்திலேயே 500 மெகாவாட் ஈனுலை இருக்கிறது. 2004-ல் கட்டத் தொடங்கி, 2010-ல் முடிய வேண்டியது. அதன் மையப்பகுதியில் பாகங்களை ஏற்றும் வேலையே 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. அது தண்ணீரால் அல்ல, உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படுகிறது. சோடியத்தைப் பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் போட்டுத்தான் வைத்திருப்போம், கடலைப்பருப்பு அளவு துண்டு தண்ணீரில் பட்டால் சீறி எரியும். பிள்ளைகளுக்குப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். ஜப்பானின் மோஞ்சு ஈனுலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. கதிர்வீச்சு வெளியே வரவில்லை. ஆனால் நடத்தியவர்கள் தீ பிடித்த இடத்தின் வீடியோவை மறைத்தார்கள், அது அம்பலமானது, அதற்குப் பிறகு மக்கள் அவர்கள் சொன்ன எதையும் நம்பவில்லை. 2016-ல் அந்த உலையையே கைவிட முடிவெடுத்தார்கள். 2019-ல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினியில் வைரஸ் புகுந்தபோதும், முதலில் இல்லை என்றார்கள், மறுநாள் ஆமாம் என்றார்கள். உலையை இயக்கும் கணினிகளுக்கு அது போகவில்லை. சரி, ஆனால் அந்த ஒரு நாள் ‘இல்லை’ எவ்வளவு நம்பிக்கையைத் தின்றது என்பது அந்தப் பக்கத்து மக்களிடம் பேசினால் தெரியும். தனியார் வரும்போது, சிறிய உலைகள் ஊருக்கு இன்னும் நெருக்கமாக வரும்போது, இது இன்னும் முக்கியமாகிவிடும்.

புற்றுநோய் பற்றியும் தங்கை மகள் கேட்டாள். எங்கள் தெருவில் தைராய்டு கட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். உலையால்தானா என்று ஒரு தெருவை வைத்து யாராலும் சொல்ல முடியாது, ‘நிச்சயமாக இல்லை’ என்று சொல்பவராலும் முடியாது. வருடக்கணக்கில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, அதை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால்தான் முடியும். அதைக் கேட்டு நாங்கள் கிராமசபையில் இரண்டு முறை தீர்மானம் போட்டிருக்கிறோம். அங்கேயும் கேள் என்று எழுதினேன். கிராமசபைக்குப் போகாமல் இருக்காதே என்றும் எழுதினேன்.

நான்கு பக்கம் எழுதி, கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒட்ட ஒரு தாள் தயாரித்து அனுப்பினேன். சைரன் கேட்டால் எந்த அறை, யாருடைய மெத்தை வீடு, மாத்திரை எங்கே, எந்த ரேடியோ நிலையம் என்று எல்லாம் கோடு போட்டு. காற்று என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, “அந்த ஊர்க் காற்று எனக்குத் தெரியாது, கரையில் வலை பின்னுகிறவர்களிடம் கேட்டு எழுது” என்று குறிப்பு வைத்தேன்.

நேற்று அவளிடமிருந்து போட்டோ வந்தது. தாள் கதவில் ஒட்டியிருக்கிறது. காலி இடத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறாள்: ‘ஆனி, ஆடி: மேல்காத்து. ஐப்பசிக்கு மேல்: வாடை.’ அதற்குக் கீழே, யாரிடம் கேட்டாளோ அந்த அம்மாவின் போன் நம்பர்.